கியர் மாற்றும் நேரம்: ஜி. டி. நாயுடுவின் வாழ்விலிருந்து ஒரு பாடம்

மோட்டார் வண்டி ஓட்டக் கற்பவன் முதன்முதலில் எதற்கு அஞ்சுகிறான்? எதிரே வரும் லாரிக்கு என்பீர்கள்; குறுக்கே பாயும் ஆட்டோவுக்கு என்பீர்கள். என் அனுபவம் வேறு. நான் அஞ்சியது என் வண்டியின் இரைச்சலுக்கே! எஞ்சின் சற்று உரத்துக் கத்தினால் போதும். ஏதோ உடைந்துவிடப் போகிறது என்று நெஞ்சு படபடக்கும். கை தானாகவே கியர்த் தடியை நாடும்.

பெங்களூர் விவேக் நகரில் என் தாய்மாமன் வீட்டில் தங்கிப் படிப்பவன் நான். சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. மாமா ஒரு நிறுவனத்தில் கார் ஓட்டுகிறார்; தமக்கென ஒரு பழைய காரும் வைத்திருக்கிறார். குழந்தை இயேசு ஆலயத்துக்கு வியாழக்கிழமைதோறும் திரளும் கூட்டத்தைக் கண்டவர்கள், அந்தத் தெருக்களில் கார் ஓட்டக் கற்பது எத்தகைய துணிச்சல் என்பதை அறிவார்கள். ஆகவே மாமா எனக்குப் பாடம் நடத்தத் தேர்ந்தெடுத்த நேரம், பால்காரரும் பத்திரிகை போடும் பையனும் மட்டுமே நடமாடும் விடியற்காலை.

மாமாவின் பாடம் சுருக்கமானது. எஞ்சின் முனகத் தொடங்கியதுமே அடுத்த கியருக்குப் போய்விட வேண்டும் என்பார். பெட்ரோல் விற்கிற விலையில் அது பொன்னான விதி; அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் பௌதிகம் படிப்பவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும், எந்த நோக்கத்துக்காக என்று கேட்டுவிடுவான். பெட்ரோலை மிச்சப்படுத்த எப்போது கியர் மாற்றுவது என்பது ஒரு கேள்வி. வண்டி மிக விரைவாக வேகம் பிடிக்க வேண்டுமானால் எப்போது மாற்றுவது என்பது முற்றிலும் வேறு கேள்வி. இந்த இரண்டாம் கேள்வியைத் துரத்திக்கொண்டு போன நான், எதிர்பாராத வகையில் ஒரு பெரியவரின் வாழ்க்கையில் போய் நின்றேன். அவர் கோவை தந்த ஜி. டி. நாயுடு.

கியர் எதற்கு?

முதலில் எஞ்சினின் குணத்தைப் பார்ப்போம். மாடு இருக்கிறது, நின்ற இடத்திலிருந்தே முழு மூச்சாக இழுக்கும். பெட்ரோல் எஞ்சின் அப்படியன்று. சுழன்றால்தான் அதற்கு உயிர். மெதுவாகச் சுழலும்போது அதன் முறுக்கு குறைவு. சுழற்சி ஏற ஏற முறுக்கும் ஏறும். ஓர் உச்சத்தைத் தொட்டபின் மெல்லத் தாழும். ஆனால் சக்கரமோ நின்ற நிலையிலிருந்து புறப்பட வேண்டியது. இந்த இருவரையும் சேர்த்துவைக்கும் தரகர்தான் கியர்ப் பெட்டி. முதல் கியரில் எஞ்சின் பல முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். அதற்குக் கூலியாக, எஞ்சினின் முறுக்கு பல மடங்காகிச் சக்கரத்தைச் சேரும். மேல் கியர்களில் வேகம் கூடும், மடங்கு குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றைப் பெற முடியும். இயற்கையின் கணக்கில் கடன் தள்ளுபடி கிடையாது.

இந்த உண்மையை உலகுக்கு முதலில் உணர்த்தியவர்களுள் ஒரு பெண்மணியும் உண்டு. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை, அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மைந்தரோடு மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை ஓட்டிச் சென்றார். தூரம் 100 கிலோமீட்டருக்கு மேல். சமநிலத்தில் ஓடிய வண்டி மேடு வந்ததும் திணறியது. பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். அந்தப் பயணத்தின் பயனாக, மேடு ஏறுவதற்கென்றே இன்னொரு தாழ்ந்த கியர் அந்த வண்டிக்கு வந்து சேர்ந்தது. தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் கியரின் அருமை தெரியும்!

ஒரு சிறு கணக்கு

இனி நம் கேள்விக்கு வருவோம். கணக்குக்காக ஒரு காரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் எஞ்சின் நிமிடத்துக்கு 4200 சுற்றில் 113 அலகு முறுக்குத் தரும்; அதுவே உச்சம். 6000 சுற்றில் முறுக்கு 97 ஆகக் குறையும். 6500 சுற்றில் 86 ஆகும். அதற்கு மேல் சுற்றினால் எஞ்சினுக்கு ஆபத்து. அளவுமானியில் சிவப்புக் கோடு அங்கேதான் தொடங்குகிறது. இரண்டாம் கியரின் மடங்கு 1.9, மூன்றாம் கியரின் மடங்கு 1.3 என்று வைத்துக்கொள்வோம். அதற்கப்பால் உள்ள கடைசிப் பல்சக்கரம் எல்லாக் கியருக்கும் பொது. ஒப்பிடும்போது அதை விட்டுவிடலாம்.

முறுக்கு உச்சத்தில் இருக்கும்போதே கியரை மாற்றிவிட வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். மாற்றிப் பார்ப்போமே! இரண்டாம் கியரில், 4200 சுற்றில், 113ஐ 1.9ஆல் பெருக்கினால் 215 அலகு இழுப்பு. அந்தக் கணத்தில் மூன்றாம் கியருக்குப் போனால் எஞ்சின் ஏறத்தாழ 2870 சுற்றுக்கு இறங்கிவிடும். அங்கே அதன் முறுக்கு 105 என்று கொள்வோம். 1.3ஆல் பெருக்கினால் கிடைப்பது 137. ஒரே நொடியில் இழுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பறிபோயிற்று! எஞ்சின் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது, நாமும் விடுகிறோம், வண்டியோ சோம்புகிறது.

சரி, பொறுத்திருந்து 6500 சுற்றில் மாற்றினால்? இரண்டாம் கியரில் 86ஐ 1.9ஆல் பெருக்க 163. மூன்றாம் கியருக்குப் போனால் எஞ்சின் 4450 சுற்றுக்கு வரும், முறுக்கு 113, பெருக்கினால் 147. சிவப்புக் கோட்டின் விளிம்பிலும் இரண்டாம் கியரே மேலாக இழுக்கிறது. எஞ்சினின் முறுக்கு தாழ்ந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் சக்கரத்துக்கு வந்து சேரும் இழுப்பு இன்னும் மிகுதி. நாம் கேட்க வேண்டியது எஞ்சினை அன்று, சக்கரத்தை!

ஆகவே விதி இதுதான்: இப்போதுள்ள கியரில் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுப்பும், அடுத்த கியருக்குப் போனால் கிடைக்கப்போகும் இழுப்பும் எந்த வேகத்தில் சமமாகின்றனவோ, அந்த வேகத்தில் மாற்று. அதற்கு முன் மாற்றினால் நட்டம். பின் மாற்றினாலும் நட்டம். அப்படிச் சமமாகும் இடமே வராவிட்டால், எஞ்சினுக்கு வகுத்த எல்லையில் மாற்று. கீழ்க் கியர்களின் மடங்குகள் ஒன்றுக்கொன்று வெகு தூரம் விலகியிருப்பதால் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் எல்லைவரை போவதே சரி. மேல் கியர்களின் மடங்குகள் நெருங்கியிருப்பதால் எல்லைக்குச் சற்று முன்னரே அந்தச் சமநிலை வரக்கூடும்.

டீசல் எஞ்சினுக்கு இதே விதி வேறு விடை தரும். அதன் முறுக்கு தாழ்ந்த சுற்றிலேயே திரண்டிருக்கிறது. உயர்ந்த சுற்றில் விரைந்து சரிகிறது. ஆதலால் டீசல் வண்டிக்காரர் எல்லைவரை காத்திருந்தால் ஏமாந்துபோவார். விதி ஒன்று; எஞ்சினுக்கு எஞ்சின் விடை வேறு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

இந்தக் கணக்கை விவேக் நகர்த் தெருக்களில் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம். வேகத்தடைக்கும் வேகத்தடைக்கும் இடையே இரண்டாம் கியரைத் தாண்டுவதே அங்கு அரிது. நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்தும்போதும், கிளைச்சாலையிலிருந்து விரைந்து ஓடும் வண்டிகளிடையே புகும்போதும் மட்டுமே, சட்டம் விதித்த வேகத்துக்கு உட்பட்டு, இது நமக்கு உதவும்.

பழனிச் சாலையில் ஒரு பஸ்

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டு, விடுமுறைக்கு ஊர் சென்றபோது என் தந்தையாரிடம் காட்டினேன். அவர் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பல ஆண்டுகள் பஸ் ஓட்டியவர். காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, எந்தச் சாலையில் தாம் ஓட்டினாரோ அதே சாலையில், நூறு ஆண்டுகளுக்கு முன் ஜி. டி. நாயுடு தாமே பஸ் ஓட்டினார் என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. நாயுடு என்றால் பொருட்காட்சி, சவரக் கத்தி, புதுமை என்று மட்டுமே அறிந்திருந்தேன். அன்று தொடங்கி அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்ற சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பிறந்தார் கோபால்சாமி துரைசாமி நாயுடு. உழவர் குடும்பம். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுபோயிற்று. நம் போன்றோர் பட்டம் வாங்கும் வயதில் அவர் கையில் எந்தச் சான்றிதழும் இல்லை.

ஒரு நாள் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியைக் கண்ட இளைஞர், அதை எப்படியேனும் அடைவது என்று உறுதி பூண்டார். கோவைக்குச் சென்று ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். தட்டுக் கழுவியும் இலை போட்டும் காசு சேர்த்தார். முடிவில் அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஏறிச் சவாரி செய்து மகிழ்ந்தார் என்று நினைக்கிறீர்களா? அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டார்! மீண்டும் பூட்டினார். அதுவே அவருடைய பல்கலைக்கழகம்.

இதை நான் அவர் வாழ்வின் முதல் கியர் என்பேன். வேகம் மிகக் குறைவு. ஆனால் நின்ற வண்டியை நகர்த்தும் இழுப்பு மிகுதி. ஓட்டலில் இலை போட்ட ஒவ்வொரு நாளும், பார்ப்பவர்க்கு வீண் நாளாகத் தோன்றியிருக்கும். அந்த நாட்களைத் தாண்டிக் குதித்திருந்தால் வண்டி அங்கேயே நின்றுபோயிருக்கும்.

குதித்துப் பார்த்த அனுபவமும் அவருக்கு இல்லாமல் இல்லை. திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் ஈட்டிய பொருளோடு பம்பாய்க்குச் சென்று, அங்கே பஞ்சு வாணிபத்தில் கைம்முதலை இழந்து வெறுங்கையோடு ஊர் திரும்பினார் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். முதல் கியரிலிருந்து நேரே நான்காம் கியருக்குப் போனால் எஞ்சின் என்ன செய்யும்? உதறும், அணைந்துபோகும். அணைந்த வண்டியை மறுபடியும் முதல் கியரில் போட்டுத்தான் கிளப்ப வேண்டும். இதற்கு வெட்கப்படுகிறவன் சாலையிலேயே நிற்பான். நாயுடு வெட்கப்படவில்லை.

1920ஆம் ஆண்டு, கோவைத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ்ஸை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டினார். ஓட்டுநர் வேறு யாரும் அல்லர், அவரே!

அந்த நாளில் பஸ் ஓட்டுவது எத்தகையது என்பதை என் தந்தையார் விளக்கியபோதுதான் எனக்கு வியப்பு மிகுந்தது. இன்று நாம் கிளட்சை மிதித்துத் தடியைத் தள்ளினால் கியர் வழுக்கிக்கொண்டு விழுகிறது. வேகத்தை ஒத்திசைத்துப் பொருத்தும் அந்தப் பொறி அமெரிக்காவின் காடிலாக் காரில் 1928ஆம் ஆண்டுதான் வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில், கிளட்சை ஒரு முறை மிதித்துக் கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, விட்டு, பல்சக்கரங்களின் வேகம் ஒத்துவரும்வரை பொறுத்து, மறுபடியும் மிதித்து அடுத்த கியரில் போட வேண்டும். மேல் கியருக்குப் போகும்போது சுழற்சி தணியக் காத்திருக்க வேண்டும். கீழ்க் கியருக்கு வரும்போது எஞ்சினைச் சற்று உறுமவிட்டு வேகத்தைக் கூட்டித் தர வேண்டும். நேரம் தப்பினால் பல்லோடு பல் உரசி ஊரே திரும்பிப் பார்க்கும் ஓசை எழும். பழைய ஓட்டுநர்களிடம் தொழில் கற்ற என் தந்தையார், தேவையில்லாத புது வண்டியிலும் இரட்டைக் கிளட்ச் மிதிப்பதை விடவில்லை.

உடுமலை, மடத்துக்குளம் வழியாகப் பழனிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் முருகனடியார்கள் திரளும் சாலை அது. நிறைந்த வண்டி, கரடுமுரடான பாதை, ஒத்திசைவில்லாத கியர்ப் பெட்டி! ஒவ்வொரு மாற்றத்தையும் காதாலும் காலாலும் உணர்ந்து செய்தாக வேண்டிய பள்ளிக்கூடம் அது. அங்கே தேறியவர்தான், சில ஆண்டுகளில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெயரில் நாட்டிலேயே சிறந்த பஸ் நிறுவனங்களுள் ஒன்றை நடத்திக் காட்டினார். யு. எம். எஸ். என்ற மூன்றெழுத்தைக் கொங்கு நாட்டு முதியோர் இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

இரைச்சலுக்கு அஞ்சாதவர்

பஸ் தொழில் செழித்தபின் அவர் ஓய்ந்திருந்தாரா? இல்லை. 1937இல் பீளமேட்டில் அவரது தொழிற்கூடத்தில், பாலசுந்தரம் நாயுடுவின் துணையோடு, இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார் உருவாயிற்று. கிணற்று நீரை நம்பி வாழும் கோவை வேளாண்மைக்கும், பின்னாளில் அந்நகரின் பம்ப்செட் தொழிலுக்கும் மின்மோட்டார் எவ்வளவு இன்றியமையாததாயிற்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. உலர் மின்கலத்தில் ஓடும் ராசண்ட் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குகளைப் பதிவு செய்யும் இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தார். 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். வெளிநாடுகளுக்குச் சென்றார், 1936இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படமெடுத்தார். அதே காலத்தில் மாகாணத் தேர்தலில் நின்று தோற்கவும் செய்தார்.

இங்கே என் உவமை சற்று நொண்டுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கார் ஒரு நேரத்தில் ஒரு கியரில்தான் ஓடும். மனிதரோ பஸ்ஸை நடத்திக்கொண்டே மோட்டாரும் செய்யலாம். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. பஸ் தொழிலில் அவர் இருந்தது ஓராண்டு ஈராண்டு அன்று. 1920இல் தொடங்கியவர், அத்தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து 1944இல்தான் விலகினார். 24 ஆண்டுகள்! விலகியபோது ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித் தொகையும், தொழிலாளருக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் நலத்திட்டங்களும் அறிவித்தார். எடுத்த கியரின் இழுப்பை முழுவதும் பயன்படுத்திக்கொண்டே அடுத்ததற்குச் சென்றார் என்று இதனைக் கொள்ளலாம்.

எல்லா மாற்றமும் அவர் கையில் இருந்ததா? இல்லை. 1952இல் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2000 ரூபாய்தான். நடுத்தர வகுப்பார் கார் வாங்குவது கனவாக இருந்த காலம். ஆனால் அதைப் பெருமளவில் உற்பத்தி செய்ய அரசாங்கத்தின் உரிமம் கிட்டவில்லை. அடுத்த கியர் தயார். கிளட்ச் மிதி மட்டும் வேறொருவர் காலடியில்! வரிக் கொள்கையைக் கண்டித்துத் தாம் செய்த பொருள்களைத் தாமே ஊரறிய உடைத்தார் என்றும் சொல்வார்கள். அந்தச் சினம் நியாயமா, மிகையா என்பதில் அன்றே இரு கருத்து இருந்தது. உடைந்த பொருள்களால் யாருக்கும் பயனில்லை என்பதே என் கருத்து. ஆயினும் ஆக்கத் தெரிந்த கை அழிக்க நேரும்போது அதன் வலியை உணராமல் இருக்க முடியவில்லை.

நான்கு ஆண்டா, இரண்டு ஆண்டா?

மாணவ நண்பர்களே, நம்மைத் தொடும் இடம் இனித்தான் வருகிறது. 1945இல் கோவையில் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியும் பொறியியற் கல்லூரியும் தோன்ற நாயுடு முதற்காரணமாக இருந்தார். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரை அவை தாங்கின. பொறியியற் கல்லூரியே பிற்காலத்தில் கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. தொடக்கப் பள்ளியோடு படிப்பை விட்டவர், பொறியியற் கல்லூரியின் முதல்வரானார்!

ஆனால் அங்கே ஒரு முரண்பாடு எழுந்தது. நான்கு ஆண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குகிறது. இரண்டு ஆண்டு போதும் என்பது நாயுடுவின் கொள்கை. அன்றைய ஆங்கில அரசு அதை ஏற்கவில்லை. அவர் பதவியைத் துறந்தார்.

யார் சொன்னது சரி? பலநாள் இதை எண்ணிப் பார்த்தேன். பட்டறையில் கற்பவனுக்கு அவர் சொன்னது பொருந்தும். தாமே அதற்குச் சான்று. கையால் செய்து பார்க்கும் தொழிலில் திறமை விரைவில் திரள்கிறது. அதற்குமேல் வகுப்பறையில் அடைத்துவைப்பது, டீசல் வண்டியைச் சிவப்புக் கோடுவரை உறுமவிடுவது போன்றது. ஆனால் கணிதமும் பௌதிகமும் அப்படி அல்ல. முதலாண்டில் புரியாதது மூன்றாமாண்டில் பிடிபடுகிறது. அதன் பலன் உயர்ந்த சுற்றில்தான் திரள்கிறது. எஞ்சினுக்கு எஞ்சின் விடை வேறு என்று முன்பு சொன்னேனே, அது இதற்குத்தான். நாயுடுவின் விடையை எல்லோர்க்கும் பொதுவாக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியை எவரும் தள்ள முடியாது. இந்தக் கியரில் இன்னும் இழுப்பு இருக்கிறதா, அல்லது வெறும் இரைச்சல்தானா? ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு மாணவனும் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

என் கணக்கு

எனக்கு அந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வியாக இல்லை. முதுகலை இரண்டாம் ஆண்டின் நடுவில் எனக்கு ஒரு வேலைக்கான கடிதம் வந்தது. உடனே சேர வேண்டும், பட்டம் தேவையில்லை, படிப்பை விட்டுவிட்டு வரலாம் என்றிருந்தது. வீட்டு நிலைமை உங்களில் பலருக்குப் புதிதன்று. முதுகு வலியால் தந்தையார் ஸ்டியரிங்கை விட்டு இறங்கிவிட்டார். தங்கை அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். கடன்காரர் வீட்டு வாசல்படியை மிதிக்கத் தொடங்கியிருந்தார். எஞ்சின் கத்தியது! என் கை கியர்த் தடியை நாடியது.

மாமா போகச் சொன்னார். அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அழுதார்கள். தந்தையார் மட்டும் என் பழைய காகிதத்தை எடுத்து வந்து, இந்தக் கணக்கை உன் விஷயத்துக்கும் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டார்.

போட்டுப் பார்த்தேன். அந்தச் சம்பளத்தில் பெங்களூரில் தனியாகத் தங்கி உண்டபின் வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது சிறிதளவே. பட்டமில்லாமல் போனால் நான் விரும்பும் ஆய்வுக்கூடக் கதவுகள் பின்னால் திறக்கமாட்டா. இன்னும் ஆறு மாதம் இதே கியரில் போனால், அடுத்த கியர் இதைவிட வலுவாக இழுக்கும். இரைச்சல் பெரிதுதான், ஆனால் சிவப்புக் கோடு இன்னும் வரவில்லை. தந்தையார் கணக்கைப் பார்த்துத் தலையசைத்தார். மறுவாரமே ஒரு பள்ளியில் இரவுக் காவலுக்குச் சேர்ந்துவிட்டார். என் கணக்கில் நான் சேர்க்க மறந்த எண் அது.

படிப்பு முடிந்ததும் சேர அனுமதி கேட்டு எழுதினேன். இடத்தைக் காத்துவைக்க இயலாது என்று விடை வந்தது. ஆகவே இன்று என் கையில் வேலையும் இல்லை, பட்டமும் இல்லை. தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது. நான் செய்தது சரிதானா? காருக்கு முறுக்கு வரைபடம் உண்டு; தொழிற்சாலையே அச்சிட்டுத் தருகிறது. மனிதனுக்கு அப்படி ஒரு வரைபடத்தை யாரும் அச்சிட்டுத் தருவதில்லை. ஓட்டிப் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஆனால் ஒன்று உறுதி. பயந்து மாற்றவில்லை, ஒப்பிட்டுப் பார்த்துத்தான் மாற்றாமல் இருந்தேன்.

ஜி. டி. நாயுடு 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் அமைந்த பொருட்காட்சியும், அவர் குடும்பத்தார் 2015இல் திறந்த கார் அருங்காட்சியகமும் உள்ளன. அதே அவிநாசி சாலையில் 2025இல் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. ஓட்டலில் இலை போட்ட இளைஞர் நடந்த நகரில், இன்று அவர் பெயரின்மேல் ஆயிரமாயிரம் வண்டிகள் ஓடுகின்றன.

சென்ற விடுமுறையில் அந்தப் பாலத்தின்மேல் மாமாவின் காரை நான் ஓட்டிச் சென்றேன். பக்கத்தில் தந்தையார் அமர்ந்திருந்தார். ஏற்றத்தில் எஞ்சின் உரத்துப் பாடியது. என் கை தடியை நாடவில்லை. மாமா பின்னிருக்கையிலிருந்து பெட்ரோலை எண்ணிக் கவலைப்பட்டார். தந்தையார் காதைத் தீட்டி எஞ்சினைக் கேட்டார். சற்று நேரம் பொறுத்தார். பிறகு இப்போது மாற்று என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார். மாற்றினேன். வண்டி தயங்காமல் சென்றது.

நண்பர்களே, தேர்வு நெருங்குகிறது. வேலைக் கடிதங்களும் வரும். வீட்டுக் கடன்களும் கத்தும். யாருக்கும் நான் அறிவுரை சொல்லும் தகுதி பெற்றவன் அல்லன். கேட்டுக்கொள்வது ஒன்றே. இரைச்சலைக் கேட்டு மாற்றாதீர்கள். இழுப்பை ஒப்பிட்டு மாற்றுங்கள்.